பன்மையும் படிநிலையும்: சிறு பிள்ளைகளுக்கு வேற்றுமையைக் கற்பித்தல் குறித்து ஒரு சிந்தனை

முன்னுரை

மனிதரிடையே காணப்படும் வேற்றுமைகளைக் குறித்துச் சிறு பிள்ளைகளுக்கு என்ன சொல்லிக் கொடுப்பது என்னும் வினா இறையியல் வகுப்பறைகளில் அதிகமாக எழுப்பப்படுவதில்லை. ஆனால் சேகரத்தில் பணிபுரியும் ஆயரை அது எதிர்பாராத நேரத்தில் வந்து சந்திக்கிறது. நம்மை அது சந்தித்த விதத்தை முதலில் கூறிவிடுவது நலம்.

பல ஆண்டுகளுக்கு முன் நாம் ஒரு கிராமச் சேகரத்தில் பணியாற்றியபோது, கிறிஸ்து பிறப்பு நாடகத்திற்காக ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளைத் தெரிந்தெடுத்தோம். தெளிவாகப் பேசக்கூடிய ஒரு பையனை யோசேப்பாக நியமித்தோம். உடனே ஏழு வயதும் நிரம்பாத வேறொரு பையன் எழுந்து, “ஐயா, அவன் கீழத்தெருப் பையன் ஆயிற்றே, அவன் எப்படி யோசேப்பாக வரலாம்?” என்று கேட்டான். அவன் குரலில் பகை இல்லை. ஐப்பசியில் மழை பெய்யும் என்று சொல்வதுபோல் அவன் அதைச் சொன்னான். நாம், “அப்படியெல்லாம் பேசக் கூடாது, இயேசு சுவாமிக்கு எல்லாரும் ஒன்றுதான்” என்று சொல்லிவிட்டுப் பாட்டுப் பயிற்சிக்குப் போய்விட்டோம். நல்ல விடை கூறியதாகவே அன்று எண்ணினோம். அடுத்த ஒத்திகைக்கு யோசேப்பு வரவில்லை. அதற்கு அடுத்த ஒத்திகைக்கும் வரவில்லை. வேறொரு பையனைக் கொண்டு நாடகம் நடந்தேறியது, சபையாரும் பாராட்டினார்கள்.

பின்னர் எண்ணிப் பார்க்கையில் நமக்குத் தெளிவானது இது: வினவிய பையன் நம்மிடம் கற்றுக்கொண்டது, தெருவைக் கொண்டு மனிதனை அளப்பது தவறு என்பதன்று, ஐயர் காதில் விழும்படி அதைச் சொல்லுவது தவறு என்பதே. யோசேப்பாக நின்ற பையனோ, தன்னை எல்லாருக்கும் முன்பாகத் தாழ்த்திய சொல்லுக்கு மறுமொழியாக ஆயரிடத்திலும் ஒரு வாக்கியத்திற்கு மேல் இல்லை என்று கற்றுக்கொண்டான். எல்லாரும் ஒன்று என்னும் கூற்று உண்மையே. ஆயினும் அவ்விரு பிள்ளைகளுள் ஒருவனுக்கும் அது பயன்படவில்லை. ஏன் பயன்படவில்லை என்று ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

1. வேற்றுமை உணர்வு தோன்றும் காலம்

பிள்ளைகள் கள்ளமற்றவர்கள், பெரியவர்கள் வாய்திறந்து சொன்னாலன்றிச் சாதியையும் இனத்தையும் அவர்கள் அறியார்கள் என்பது நம்மிடையே பரவியுள்ள எண்ணம். இதில் பாதி உண்மை உண்டு. பிள்ளை பேத உணர்வோடு பிறப்பதில்லை. ஆனால் நாம் நினைப்பதைவிட மிக முன்னதாகவே அது கற்கத் தொடங்கிவிடுகிறது.

2005, 2006 ஆகிய ஆண்டுகளில் வெளிவந்த உளவியல் ஆய்வுகள் இதனைத் தெளிவாக்கின. பிறந்து சில நாள்களே ஆன குழந்தைகள் எவ்வினத்தாரின் முகத்தையும் ஒன்றுபோலவே நோக்கின. மூன்று மாதக் குழந்தைகளோ தாம் நாள்தோறும் காணும் இனத்தாரின் முகங்களையே நெடுநேரம் நோக்கின. எத்தியோப்பியாவிலிருந்து இஸ்ரேல் நாட்டில் குடியேறியவர்களின் குழந்தைகள் மட்டும், இரு இனத்தாரையும் அன்றாடம் கண்டு வளர்ந்தமையால், இரு வகை முகங்களையும் ஏறத்தாழ ஒரே அளவில் நோக்கின. இதை வெறுப்பு என்று கொள்ளுதல் பிழை, இது பழக்கமே. ஆனால், யாரைக் காண்கிறோம், யாரைக் காண்பதில்லை என்பது பேச்சு வருமுன்னரே மனத்தில் பதிந்துவிடுகிறது என்பதை நாம் மறந்துவிடலாகாது.

பழக்கம் எவ்வாறு மதிப்பீடாக மாறுகிறது என்பதற்கு அமெரிக்க நாட்டிலிருந்து ஒரு சான்று உண்டு. கென்னத் கிளார்க், மேமி கிளார்க் என்னும் கறுப்பின உளவியல் அறிஞர் தம்பதியர், 3 முதல் 7 வயது வரையுள்ள 253 கறுப்பினப் பிள்ளைகளிடம் நிறத்தில் மட்டும் வேறுபட்ட பொம்மைகளைக் காட்டி வினவி, தாம் கண்டவற்றை 1947-ஆம் ஆண்டு வெளியிட்டனர். விளையாடுவதற்கு எது வேண்டும், எது நல்லது என்று கேட்டபோது பெரும்பான்மையோர் வெள்ளைப் பொம்மையையே காட்டினர். எது உன்னைப்போல் இருக்கிறது என்று இறுதியில் கேட்டபோது சில பிள்ளைகள் அழுதுகொண்டு ஓடிவிட்டனர். வெள்ளையருக்கும் கறுப்பருக்கும் தனித்தனிப் பள்ளிகள் நடத்துவது சட்டத்திற்கு முரணானது என்று 1954-இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தபோது, கென்னத் கிளார்க்கின் எழுத்தையும் அடிக்குறிப்பில் சுட்டிக்காட்டியது. தாழ்வு என்பது ஒதுக்குகிறவர்களின் உள்ளத்தில் மட்டுமன்றி, ஒதுக்கப்பட்ட பிள்ளையின் உள்ளத்திலும் இளமையிலேயே குடிகொள்ளுகிறது என்பதே இவ்வாய்வு தந்த கசப்பான பாடம்.

நம் நாட்டுப் பிள்ளைக்கு இப்பாடத்தை யார் புகட்டுகிறார்கள்? பெரும்பாலும் எவரும் வாய்திறந்து புகட்டுவதில்லை. எந்த வீட்டில் வாசலோடு நின்று பேசவேண்டும், யாருக்கு எந்தக் குவளையில் தண்ணீர் தரப்படுகிறது, யார் வந்தால் பாட்டி எழுந்து நிற்கிறாள் என்பவற்றையெல்லாம் பிள்ளை பார்த்துக்கொண்டே இருக்கிறது. அனைத்தினும் மேலாக, நம் மொழியின் வினை விகுதிகளே அதற்கு முதற் பாடமாக அமைகின்றன. தாத்தாவின் வயதுடைய ஒருவர் வந்தால் ‘வாங்க’ என்றும், அதே வயதுடைய இன்னொருவர் வந்தால் ‘வா’ என்றும் அப்பா அழைப்பதைப் பிள்ளை கேட்கிறது. எதற்காக இந்த வேறுபாடு என்று எவரும் விளக்குவதில்லை. விளக்காமலே அது சரியான இலக்கணத்தைக் கற்றுக்கொள்ளுகிறது. ஐந்து வயதிற்குள் பிழையின்றி விகுதிகளைப் பயன்படுத்தும் பிள்ளைக்குச் சாதி தெரியாது என்று சொல்லுவது நம்மை நாமே ஏமாற்றிக்கொள்ளுவதாகும்.

2. பன்மை வேறு, படிநிலை வேறு

பல்லினப் பிள்ளைகள் ஒன்றாகப் படிக்கும் மேனாட்டுப் பள்ளிகளில், வேற்றுமையைக் கண்டு அஞ்சாதே, அதைப் போற்று என்று கற்பிப்பது வழக்கம். பல நாட்டு உடைகளையும் உணவுகளையும் பாடல்களையும் பிள்ளைகளுக்கு அறிமுகப்படுத்துகிறார்கள். இது நல்லதே. நாமும் கைக்கொள்ளத்தக்கதே. ஆயினும் இதை அப்படியே எடுத்து நம் ஞாயிறு பள்ளிகளில் நட்டுவிட இயலாது. நம்மிடையே இருவகையான வேற்றுமைகள் பின்னிப் பிணைந்து கிடக்கின்றன. அவற்றைப் பிரித்தறியாமல் கற்பித்தால் நன்மையினும் தீமையே மிகும்.

முதலாவது வகை, பன்மை. நீலகிரியில் தோடர், கோத்தர், குறும்பர், இருளர், பணியர் என்போர் தத்தமக்குரிய பேச்சோடும் வழக்கங்களோடும் வாழ்கின்றனர். நம் ஊர்களில் ஊசிமணி விற்கும் நரிக்குறவர் தம்முள் வாக்ரிபோலி என்னும் மொழியைப் பேசிக்கொள்ளுகின்றனர். திருப்பூரின் பின்னலாடைத் தொழிற்சாலைகளிலும் திருவள்ளூர் மாவட்டத்துச் செங்கல் சூளைகளிலும் ஒடிசா, பீகார் முதலிய மாநிலங்களிலிருந்து வந்தவர்கள் உழைக்கின்றனர். அவர்களுள் பலருடைய பிள்ளைகள் தமிழ் அறியாமலே நம் தெருக்களில் விளையாடுகிறார்கள். 1983-க்குப் பின் இலங்கையிலிருந்து தஞ்சம் தேடி வந்தோர் தம் தமிழின் தனி ஓசையோடு முகாம்களில் வாழ்ந்து வருகின்றனர். இவ்வேற்றுமைகள் செல்வங்கள். இவற்றைக் காணவும் கேட்கவும் மகிழவும் பிள்ளைக்குக் கற்றுத்தரவேண்டும்.

இரண்டாவது வகை, படிநிலை. சாதி என்பது பல நிற மலர்கள் அடங்கிய தோட்டமன்று, அது ஏணி. ஒருவர் மேல் ஒருவராக நிறுத்திவைப்பதே அதன் உயிர். அம்பேத்கர் அதனைப் படிநிலைப்பட்ட சமமின்மை என்று விளக்கினார். ஒவ்வொருவனும் தனக்கு மேலுள்ளவனை வெறுத்தாலும், தனக்குக் கீழே ஒருவன் இருப்பதால் ஏணியைச் சாய்க்க மனங்கொள்ளான் என்பது அவ்விளக்கத்தின் உட்பொருள். இத்தகைய வேற்றுமையைப் போற்று என்று பிள்ளைக்குச் சொல்லுவது எவ்வளவு பெரிய பிழை! “ஒவ்வொரு சமூகத்திற்கும் ஒவ்வொரு பழக்கம், அவரவர் வழக்கத்தை அவரவர் காத்துக்கொள்ளவேண்டும்” என்று நம் சபைகளில் சிலர் கூறக் கேட்டிருக்கிறோம். பன்மையின் மொழியில் படிநிலையைக் காக்கும் தந்திரம் இது.

இதற்கு எதிர்ப்புறமான பிழையும் உண்டு. எல்லாரும் ஒன்று, நமக்குள் வேற்றுமையே இல்லை என்று சொல்லி முடித்துவிடுவது அப்பிழை. கிறிஸ்து பிறப்பு நாடகத்தன்று நாம் செய்தது இதுவே. ஒரியா பேசும் பிள்ளைக்கு இச்சொல், உன் மொழியை வெளியே விட்டுவிட்டு வா என்று ஒலிக்கிறது. கீழத்தெருப் பிள்ளைக்கோ, உன் காயத்தைப் பற்றி இங்கே பேசாதே என்று ஒலிக்கிறது.

ஆகவே ஆசிரியர் இரண்டு பாடங்களைத் தனித்தனியே கற்பிக்கவேண்டியவராகிறார். மொழி, உணவு, பாட்டு, நிறம் ஆகியவற்றில் காணும் பன்மையைக் குறித்து, இது தேவன் தந்தது, பார்த்து மகிழ் என்பது ஒரு பாடம். பிறப்பைக் கொண்டு மேல், கீழ் என்று நிறுத்தும் படிநிலையைக் குறித்து, இது மனிதர் செய்தது, இது பாவம், இதை நாம் கலைக்கவேண்டும் என்பது மற்றொரு பாடம்.

மனிதர் செய்தது என்பதற்கு ஒரு சான்று கூறலாம். 1968 ஏப்ரலில் மார்ட்டின் லூதர் கிங் சுட்டுக் கொல்லப்பட்ட மறுநாள், அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் ஜேன் எலியட் என்னும் ஆசிரியை தம் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளைக் கண்ணின் நிறத்தைக் கொண்டு இரண்டாகப் பிரித்து, ஒரு சாராரே உயர்ந்தவர் என்று அறிவித்துச் சலுகைகள் தந்தார். அன்றைய பொழுது சாய்வதற்குள் உயர்ந்தவர்கள் எனப்பட்டோர் மற்றவர்களை ஏளனம் செய்தனர். தாழ்ந்தவர்கள் எனப்பட்டோர் படிப்பிலும் தளர்ந்தனர். பின்பு நிலையை மாற்றி அமைத்தபோது மற்ற சாராரிடத்திலும் அவ்வாறே நிகழ்ந்தது. பிள்ளைகளின் மனத்தைப் புண்படுத்தும் இச்சோதனையை எவரும் பின்பற்றவேண்டும் என்று நாம் கூறவில்லை. ஆனால் ஒரு நாளில் கட்டிவிடக்கூடிய ஏணியை, இயற்கையென்றும் தேவ சித்தமென்றும் ஒருவரும் பேசக் கூடாது.

3. திருமறையின் சாட்சி

திருமறை இவ்விரண்டையும் வேறுபடுத்தியே காட்டுகிறது. பெந்தெகொஸ்தே நாளில் ஆவியானவர் அனைவருக்கும் ஒரே மொழியைத் தரவில்லை, ஒவ்வொருவரும் தத்தம் பிறப்பு மொழியிலேயே நற்செய்தியைக் கேட்டனர் (அப். 2). வெளிப்படுத்தின விசேஷத்தின் ஏழாம் அதிகாரத்தில் சிங்காசனத்திற்கு முன் நிற்கும் திரள் கூட்டத்தாரும் தம் இனத்தையும் மொழியையும் இழந்தவர்களாய்க் காட்டப்படவில்லை. பன்மை மீட்பிற்குத் தடையன்று. அது மீட்கப்பட்டவர்களின் அணிகலன்.

படிநிலை நுழைந்த இடத்திலோ திருமறையின் குரல் மாறுகிறது. எருசலேம் சபையில் கிரேக்க மொழி பேசும் விதவைகள் அன்றாடப் பந்தியில் புறக்கணிக்கப்பட்டபோது, அப்போஸ்தலர்கள் நாமெல்லாரும் ஒன்று என்று சொல்லிச் சமாதானப்படுத்தவில்லை. முறையீட்டை மெய்யென ஏற்றுக்கொண்டு, உணவைப் பங்கிடும் பொறுப்பிற்கு எழுவரைத் தெரிந்தெடுக்கச் செய்தனர். அவ்வெழுவரின் பெயர்களும் கிரேக்கப் பெயர்கள் என்பது கவனிக்கத்தக்கது (அப். 6). அந்தியோகியாவில் பேதுரு புறஇனத்தாரின் பந்தியிலிருந்து விலகியபோது, பவுல் அதனைச் சிறிய வழக்கவேறுபாடு என்று விட்டுவிடவில்லை; நற்செய்தியின் சத்தியத்திற்கே மாறானது என்று எல்லாருக்கும் முன்பாகக் கண்டித்தார் (கலா. 2). பேதுரு அங்கே கூடாத வார்த்தை எதையும் பேசியதாகப் பவுல் எழுதவில்லை. அவர் எழுந்து வேறு பந்திக்குப் போனார், அவ்வளவே. பிள்ளைகள் கவனிப்பதும் சொல்லையன்று, இதையே.

அதே அந்தியோகியாச் சபையின் தலைவர்கள் யாவர் என்பதையும் பிள்ளைகளுக்குச் சொல்லவேண்டும்: சீப்புரு தீவினராகிய பர்னபா, கறுப்பர் என்று பொருள்படும் நீகர் என்னும் மறுபெயருடைய சிமியோன், வட ஆப்பிரிக்காவின் சிரேனே ஊரினராகிய லூகி, ஏரோதின் அரண்மனைச் சூழலில் வளர்ந்த மனாயீன், தர்சு பட்டணத்துச் சவுல் (அப். 13). சீடர்கள் கிறிஸ்தவர்கள் என்று முதன்முதல் பெயர்பெற்றது இந்தச் சபையில்தான் என்பது வெறும் தற்செயலாகத் தோன்றவில்லை.

பிள்ளைக்கு எவ்வாறு கற்பிப்பது என்பதற்கும் திருமறையே வழிகாட்டுகிறது. உபாகமம் 6-ஆம் அதிகாரத்தில், இக்கட்டளைகளின் பொருள் என்ன என்று மகன் கேட்கும்போது, தந்தை அவனை அதட்டுவதில்லை. பொதுவான நீதிமொழியொன்றைக் கூறி அனுப்புவதுமில்லை. நாங்கள் எகிப்தில் அடிமைகளாயிருந்தோம் என்று தன் குலத்தின் கதையை வெளிப்படையாகச் சொல்லுகிறான். தாழ்வுற்ற நிலையை மறைக்காமல் பிள்ளைக்குச் சொல்லும் மரபு அது. அதே நூலின் 10-ஆம் அதிகாரம் அந்நியனை நேசிக்கவேண்டியதற்குக் காரணமாக அக்கதையையே நினைவூட்டுகிறது.

4. நம் வரலாறு கூறுவது

நம் திருச்சபைகளின் வரலாற்றில் இப்போராட்டம் எப்போதும் இருக்கை, பாத்திரம், பந்தி ஆகியவற்றைச் சுற்றியே நடந்திருக்கிறது. 18-ஆம் நூற்றாண்டின் லுத்தரன் சபைகளில் வெவ்வேறு சாதியார்க்குத் தனித்தனி இடங்கள் இருந்தன. 1833-ஆம் ஆண்டு கல்கத்தாப் பேராயர் டேனியல் வில்சன், சாதி வேறுபாடுகள் சபையில் முற்றாக ஒழிக்கப்படவேண்டும் என்று சுற்றுநிருபம் எழுதியபோது, தஞ்சையிலும் வேப்பேரியிலும் கடும் எதிர்ப்பு எழுந்தது. 1840-களின் இறுதியில் மதுரையிலிருந்த அமெரிக்க மிஷன், எல்லாரும் கூடி உண்ணும் அன்பின் விருந்தையே தன் ஊழியருக்குச் சோதனையாக வைத்தது; உண்ண மறுத்தவர்கள் ஊழியத்தை இழந்தனர். பந்தியே உரைகல் என்று அவர்கள் கண்டது சரியே. ஆனால் நாற்பது வயதுவரை தனிப் பந்தியில் உண்டு பழகியவனை ஒரு நாள் விருந்தில் சோதிப்பதைவிட, நான்கு வயதில் பொதுப் பந்தியில் உட்காரவைப்பது எளிது. அன்றைய சபை முதியோரிடத்தில் காட்டிய கண்டிப்பைப் பிள்ளைகளிடத்தில் பொறுமையாக மாற்றிக் காட்டியிருக்குமானால் நம் நிலை வேறாயிருக்கலாம்.

கிறிஸ்தவர்க்கு மட்டும் உரிய பாடமன்று இது. 1922-இல் வ. வே. சு. ஐயர் சேரன்மாதேவியில் நிறுவிய குருகுலம் நாட்டுப்பற்றுள்ள இளைஞரை உருவாக்கும் உயர்ந்த நோக்கமுடையது. ஆயினும் அங்கே பிராமணச் சிறுவர் சிலருக்குத் தனியே உணவு படைக்கப்பட்டது தெரியவந்தபோது, 1924, 1925 ஆண்டுகளில் தமிழகமே கொந்தளித்தது. வரதராஜுலு நாயுடுவும் ஈ. வெ. ராமசாமியும் அதனைக் கடுமையாக எதிர்த்தனர். பாடத்திட்டத்தில் எவ்வளவு உயர்ந்தவை எழுதப்பட்டிருந்தாலும், சாப்பாட்டுக் கூடத்தில் நடப்பதே பிள்ளைகள் கற்கும் பாடம் என்பதை அந்நிகழ்ச்சி நாட்டிற்கு உணர்த்தியது.

இவை பழங்கதைகள் என்று நாம் ஆறுதல் கொள்ளமுடியவில்லை. பிள்ளைகள் சாதியைக் காட்டும் வண்ணக் கயிறுகளைக் கையில் கட்டி வருவதைக் குறித்து 2019-ஆம் ஆண்டு பள்ளிக் கல்வி இயக்குநர் சுற்றறிக்கை அனுப்ப நேர்ந்தது. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு தலித் மாணவனும் அவன் தங்கையும் தம் வீட்டிலேயே, உடன் பயிலும் மாணவர்களால் வெட்டுண்டனர். அதன்பின் அரசு அமைத்த நீதியரசர் சந்துரு குழு 2024 ஜூனில் தன் அறிக்கையை அளித்தது. கயிறு முதலிய அடையாளங்களைத் தடைசெய்தல், பள்ளிப் பெயர்களிலிருந்து சாதிப் பெயர்களை நீக்குதல் முதலானவற்றை அது பரிந்துரைத்தது. அதே 2023-இல், பள்ளிகளில் காலை உணவுத் திட்டம் விரிவாக்கப்பட்டபோது, தலித் பெண் சமைத்த உணவைத் தம் பிள்ளைகள் உண்ணலாகாது என்று சில ஊர்களில் பெற்றோர் தடுத்தனர். தட்டின் முன் பசியோடு அமர்ந்திருக்கும் ஆறு வயதுப் பிள்ளைக்கு அன்று புகட்டப்பட்ட பாடத்தை நம் ஞாயிறு பள்ளியின் ஒரு மணி நேரம் எவ்வாறு திருத்தப்போகிறது? அரிவாள் ஏந்திய பதினேழு வயது ஒரே நாளில் வந்ததன்று. அதற்கு முன் ஏழு வயது ஒன்று இருந்தது. அந்த வயதில் அவன் யாரிடமாவது ஒரு கேள்வி கேட்டிருக்கக்கூடும்.

5. செய்யத்தக்கவை

சேகரங்களில் பணியாற்றும் உடன் ஊழியருக்கும் ஊழியத்திற்கு ஆயத்தமாகும் மாணவருக்கும் சில வழிகளைக் கூற விரும்புகிறோம். இவை பெரும் பொருட்செலவு வேண்டாதவை. ஆனால் மனத்துணிவை வேண்டுபவை.

(அ) வினாவை அதட்டி அடக்காதிருத்தல். பிள்ளை தெருவையும் நிறத்தையும் பற்றிக் கேட்கும்போது, முதலில், “உனக்கு யார் அப்படிச் சொன்னார்கள்?” என்று கடுமையின்றிக் கேட்கவேண்டும். பின்பு, “சிலர் அப்படி நினைக்கிறார்கள். அது தவறு. அதனால் பலர் அழுதிருக்கிறார்கள். நம் கோயிலில் அப்படி இருக்கக் கூடாது” என்று தெளிவாகச் சொல்லவேண்டும். ஆறு வயதுப் பிள்ளைக்கு அநியாயம் என்றால் என்ன என்று நன்றாகத் தெரியும். முறுக்கைப் பங்கிடும்போது அதைப் பார்க்கலாம்.

(ஆ) தாழ்த்தப்பட்ட பிள்ளையை முதலில் காத்தல். நாம் அன்று கேள்வி கேட்டவனுக்கே மறுமொழி கூறினோம், கேட்கப்பட்டவனை மறந்தோம். காயப்பட்ட பிள்ளையின் அருகே போய் நிற்பதும், அவனுக்குத் தந்த பொறுப்பை உறுதிசெய்வதும், அன்று மாலையே அவன் வீட்டிற்குச் செல்வதும் முதற் கடமைகள். அவ்வாறே, அவனை எல்லாருக்கும் முன்பாக நிறுத்திப் பாடத்திற்கு எடுத்துக்காட்டாக்குவதும் தகாது. பிள்ளை ஒருபோதும் கண்காட்சிப் பொருளன்று.

(இ) சொல்லின் மரியாதை. வயதில் மூத்தவர் எவராயினும், ஆலயத்தைப் பெருக்குபவராயினும், சாக்கடை அள்ளுபவராயினும், வாங்க, போங்க என்றே அழைக்க ஞாயிறு பள்ளியில் பழக்கவேண்டும். இதற்கு ஆயரே முதலில் தம் நாவைப் பழக்கிக்கொள்ளவேண்டும். ஆயர் ‘வா’ என்று அழைக்கும் முதியவரைப் பிள்ளை ‘வாங்க’ என்று அழைக்காது.

(ஈ) பந்தி. மாதம் ஒருமுறையாவது ஞாயிறு பள்ளிப் பிள்ளைகள் கூடி உண்ணட்டும். எல்லாத் தெருக்களிலிருந்தும் வரும் தாய்மார் முறைவைத்துச் சமைக்கட்டும். தெருத்தெருவாகப் பிள்ளைகள் தாமே பிரிந்து உட்கார்ந்துவிடாதபடி, பிறந்த மாதத்தைக் கொண்டோ வேறு விளையாட்டு முறையைக் கொண்டோ இடம் அமைப்பது எளிது. இதற்குச் சில பெற்றோர் பிள்ளைகளை அனுப்பாமலிருக்கலாம். எண்ணிக்கை குறையும் என்று அஞ்சி விருந்தை நிறுத்திவிடலாகாது.

(உ) கூடிச் செய்யும் வேலை. 1954-இல் கார்டன் ஆல்போர்ட் என்னும் அறிஞர், வெவ்வேறு பிரிவினர் வெறுமனே ஓரிடத்தில் கூடுவதால் மட்டும் தப்பெண்ணம் நீங்காது. சமநிலை, பொதுவான குறிக்கோள், ஒத்துழைப்பு, அதிகாரமுடையோரின் ஆதரவு ஆகிய நான்கும் அங்கே இருக்கவேண்டும் என்றார். 1971-இல் அமெரிக்காவின் ஆஸ்டின் நகரப் பள்ளிகளில் எலியட் ஆரன்சன் இதற்கேற்ற ஒரு முறையை வகுத்தார். பாடத்தைத் துண்டுகளாக்கிக் குழுவிலுள்ள ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு துண்டைத் தந்தார். ஒருவரிடம் ஒருவர் கேட்டாலன்றி எவரும் முழுப் பாடத்தையும் அறிய முடியாது. யோசேப்பின் கதையையோ ரூத்தின் கதையையோ ஐந்து பகுதிகளாக்கி ஐந்து பிள்ளைகளிடம் தந்து, ஒருவருக்கொருவர் சொல்லச் செய்வது எந்த விடுமுறை வேதாகமப் பள்ளியிலும் இயலும்.

(ஊ) மொழிக்கு இடம். சபைக்கு அருகே ஒரியாவோ இந்தியோ பேசும் தொழிலாளர் வாழ்வாராயின், அவர்களுடைய பிள்ளைகளிடமிருந்து ஒரு வணக்கச் சொல்லையும் ஒரு விளையாட்டையும் நம் பிள்ளைகள் கற்றுக்கொள்ளட்டும். நாம் கொடுக்கிறவர்கள், அவர்கள் வாங்குகிறவர்கள் என்னும் நிலையில் நட்பு பிறவாது. துணி கொடுப்பதைவிட ஒரு பாட்டைக் கேட்டு வாங்குவது மேலானது. அவர்களை மதம் மாற்றும் நோக்கத்தோடு பிள்ளைகளைக் கருவியாக்குவதும் முறையன்று. அன்புக்கு மறைமுக நோக்கம் கூடாது.

(எ) ஆசிரியர்கள். தம் தெருவிலிருந்து எவரும் ஆசிரியராக நிற்பதைக் காணாத பிள்ளைக்கு, எல்லாரும் ஒன்று என்னும் பாடம் பொய்யாகவே ஒலிக்கும். தேவதூதன் வேடத்திற்குச் சிவந்த பிள்ளையையே தேடும் வழக்கமும் ஒழியட்டும். நாசரேத்தின் மரியாளும் யோசேப்பும் மேற்காசியக் கைத்தொழிலாளர் குடும்பத்தவர். பால்நிற முகத்துடன் அச்சிடப்பட்ட படங்கள் ஐரோப்பிய ஓவியரின் கற்பனை என்பதையும் பிள்ளைகளுக்கு எடுத்துக் கூறலாம்.

(ஏ) பெற்றோர். ஞாயிறன்று ஒரு மணி நேரம் நாம் கட்டுவதைத் திங்கள் முதல் சனி வரை வீடு இடித்துவிடக்கூடும். ஆகவே திருமுழுக்கிற்கு முன் பெற்றோருக்கு அளிக்கும் ஆயத்தப் போதனையில் இதனையும் சேர்க்கவேண்டும். உங்கள் பிள்ளை யார் வீட்டில் தண்ணீர் குடிக்கும் என்று ஆயர் அவர்களைக் கேட்கட்டும். சங்கடமான கேள்விதான். ஆயினும், திருமுழுக்குத் தண்ணீரில் பேதமில்லை என்று அறிக்கையிடுகிறவர்களிடம் குடிதண்ணீரைப் பற்றிக் கேட்பது பொருத்தமற்றதன்று.

முடிவுரை

இவற்றையெல்லாம் செய்தால் சாதி ஒழிந்துவிடும் என்று நாம் கூறவில்லை. நிலம், திருமணம், தேர்தல், சபை நிர்வாகம் என்று அது பற்றி நிற்கும் வேர்கள் பல. அவற்றைப் பிள்ளைகளின் தோளில் சுமத்திவிட்டுப் பெரியவர்கள் ஒதுங்கிக்கொள்ளுவது கோழைத்தனமாகும். மறைமாவட்டத் தேர்தலில் சாதியைக் கணக்கிடும் நாம், பாலர் வகுப்பில் சமத்துவப் பாடல் பாடவைத்தால், பிள்ளைகள் வளர்ந்து நம்மைக் கண்டுகொள்ளுவார்கள்.

அந்தப் பையனின் கேள்வி இன்று நம்மிடம் மறுபடியும் கேட்கப்படுமானால் என்ன விடை கூறுவோம் என்று பலமுறை எண்ணியதுண்டு. யோவான் நற்செய்தியின் முதலாம் அதிகாரத்தில் நாத்தான்வேல் இதே கேள்வியைத்தான் கேட்டான். நாசரேத்து என்னும் ஊரின் பெயரைக் கேட்டதும், அங்கிருந்து என்ன நன்மை வரும் என்றான். பிலிப்பு அவனைக் கடிந்துகொள்ளவில்லை. வந்து பார் என்று அழைத்துச் சென்றான். ஆகவே நாம் அப்பையனை அருகே அழைத்து, “தம்பி, யோசேப்பும் அப்படிப்பட்ட ஓர் ஊர்க்காரர்தாம். அவருடைய ஊரைச் சொல்லியும் ஆட்கள் இப்படித்தான் கேட்டார்கள். அப்படிக் கேட்டது தவறு. நீயும் இவனும் இன்றைக்கு ஒன்றாக ஒத்திகை பாருங்கள், இவன் யோசேப்பு, நீ இவனுக்கு வழிகாட்டும் மேய்ப்பன்” என்று சொல்லியிருக்கலாம். பின்பு மற்றவனின் தோளில் கை வைத்து, அவன் கையிலிருந்த கோலை மறுபடியும் அவனிடமே உறுதியாய்த் தந்திருக்கலாம். அன்று மாலை கீழத்தெருவிற்குப் போய், அவன் வீட்டுத் திண்ணையில் அமர்ந்து தண்ணீர் கேட்டுக் குடித்திருக்கலாம்.

அதை நாம் செய்யவில்லை. அந்த யோசேப்பு இப்போது வளர்ந்த மனிதனாக எங்கோ வாழ்கிறான். சபைக்கு வருகிறானா என்பதை நாம் அறியோம். அவனுக்குச் செலுத்தவேண்டிய கடன் நம்மிடம் நிற்கிறது. வருகிற ஆகமன காலத்தில் நம் சேகரங்களில் மீண்டும் பிள்ளைகள் நாடகத்திற்காகக் கூடுவார்கள். ஏதாவது ஒரு பிள்ளை எழுந்து கேட்கும். அப்போது அங்கே நிற்கும் ஆயர், பாட்டுப் பயிற்சியைச் சற்று நிறுத்திவைத்து, அவ்விரு பிள்ளைகளுக்கும் விடை கூறுவாராக.